மின்தடை நாளில் எடுத்த காட்சி

சோமனூரில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்கிற ஒரு காட்சியை நேரடி ஒலியோடு எடுக்க வேண்டும் என்று எங்கள் இயக்குநரம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு என் வேலை. சோமனூரோ தெருவுக்கு நாலு தறி குடோன் வைத்திருக்கிற ஊர். முன்வாசலில் கோலம் இருக்கும், பின்கட்டில் விசைத்தறி ஓடும். பகல் ஷிஃப்ட் முடிந்தால் ராத்திரி ஷிஃப்ட். டீக்கடையில் ஒரு டீ கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். "பேசாம டப்பிங்ல பாத்துக்கலாமுங்க" என்றேன். "இல்லீங்க, அவங்க குரல் அந்த ஊட்டுக்குள்ள இருந்தே வரோணும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாடிப் பிரயோசனமில்லை.

அவருக்கு இது முதல் முழுநீளப் படம். வாரத்தில் ஐந்து நாள் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறும் மிச்சம் பிடித்த லீவும் படத்துக்கு. அப்படியே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. மகனின் பழைய கணக்கு நோட்டில், வாத்தியார் சிவப்பு மையில் திருத்திய பக்கங்களின் மறுபுறத்தில், அன்றன்றைக்கு எடுக்க வேண்டிய ஷாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். யார் வீட்டுக்குள் கேமரா போனாலும் முதலில் செருப்பைக் கழற்றுகிறவர் அவர்தான். படப்பிடிப்பு முடிந்தபின் அந்த வீட்டைக் கூட்டிவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவரும் அவர்தான். செட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. சட்டென்று எரிந்து விழுகிற ஆள் நான். அதனால் எனக்கு அது அதிசயமாகவே இருந்தது.

படத்தில் கணவன் மனைவியாக நடித்தவர்கள் நிஜமாகவே கணவன் மனைவி. சொந்தமாக நாலு தறி வைத்து அவர்களே ஓட்டுகிறவர்கள். படம் எடுத்ததும் அவர்கள் வீட்டில்தான். கல்யாணமான நாளிலிருந்து ஆளுக்கு இரண்டு தறியாக எதிரும் புதிருமாக நின்று ஓட்டுகிறார்கள். எங்களுக்கு அவர்கள் அண்ணன், அக்கா. அக்காவுக்கு முகத்தில் எதுவும் தங்காது, நினைப்பது அத்தனையும் வெளியே வந்துவிடும். அண்ணன் அதற்கு நேர்மாறு. எதைச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு "சரிங்க" என்பார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கஷ்டம்.

எடுக்க வேண்டிய காட்சி படத்தின் கடைசிக் காட்சி. கதையில் மனைவிக்குக் கோயமுத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே தங்க வேண்டும். இந்த வீட்டில் இனி இருக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லியாக வேண்டும். கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, திரும்பிப் பார்க்காமலே அவள் அதைச் சொல்கிறாள். பின்னால் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கிற அவன், "எப்ப வருவே?" என்று ஒன்றே ஒன்று கேட்கிறான். "வரமாட்டேனுங்க" என்கிறாள். இவ்வளவுதான். ஆனால் அது சரியாக விழாவிட்டால் அதற்கு முன்னால் எடுத்த அத்தனையும் வீண்.

தறிச்சத்தம் ஓய்கிற நாளைப் பிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தோம். முதல் ஞாயிறு தெருக்கோடியில் ஒருவர் அவசர ஆர்டருக்காகத் தறியை ஓட்டினார். அடுத்த ஞாயிறு கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து நிற்கவே இல்லை. அப்போதுதான் இயக்குநர் பேப்பரில் 'நாளைய மின்தடை' பகுதியைப் படிக்க ஆரம்பித்தார். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு மொத்த ஊரும் சேர்ந்து அடங்கும். எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு, யோசனையோ அவருக்கு வந்தது.

தெருவில் ஒருவரிடம் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது. முந்தின வாரமே இயக்குநர் அவர் வீட்டுக்குப் போய், படத்தின் கதையை முழுசாகச் சொல்லி, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு கடைசில திரும்பி வருதுங்களா?" என்று கேட்டாராம் ஜெனரேட்டர்க்காரர். "வரலீங்க" என்றாராம் இவர். "அப்ப சரி, நிறுத்திப்போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த நாளை விட்டால் வேறு நாள் கிடையாது. மறுநாள் எங்கள் ஒளிப்பதிவாளர் வேறொரு படத்துக்காக மலையாளக் கரைக்கு மூன்று மாசம் போகிறார். உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த அக்காவின் மகள் பிரசவத்துக்காக அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறாள். அதன்பின் பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டில் கேமராவுக்கு இடமேது. ஆக, நாலு மணிக்குள் அந்த ஒரு கேள்வியும் பதிலும் கிடைத்தாக வேண்டும். 

ஒன்பது அடித்து இரண்டு நிமிஷம் போயிருக்கும். தறிகள் ஒவ்வொன்றாக அல்ல, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நின்றன.  ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர், ஒரு காகம், தூரத்தில் ரயில். பத்து வருஷத்தில் இப்படி ஒரு சுத்தமான அமைதியை நான் பதிவு செய்ததில்லை. தறி நின்றதால் வேலையில்லாமல் வாசலுக்கு வந்த ஜனம் மட்டும், பழக்க தோஷத்தில், எதிரெதிரே நின்று கொண்டே கத்திப் பேசியது. இயக்குநர் அவர்களை விரட்டவில்லை. ஆளுக்கொரு பொறுப்பாகக் கொடுத்தார். இரண்டு பேர் தெருமுனையில் வண்டிகளை மறித்துத் திருப்ப, ஒருவர் நாயைப் பார்த்துக்கொள்ள, ஜெனரேட்டர்க்காரர் மற்றவர்களை அடக்க. கொஞ்ச நேரத்தில் எங்களைவிட அவர்கள்தான் மும்முரமாக "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் டேக் கிட்டத்தட்ட நன்றாகவே வந்தது. அக்கா சொன்னார், அண்ணன் சரியான இடத்தில் கேட்டார், அக்கா பதில் சொன்னார். ஒரே குறை, தன் முதல் வசனம் முடிந்ததும் அக்கா கீரைத் தட்டத்தை டொக்கென்று சிமெண்ட் தரையில் வைத்துவிட்டார். அந்தச் சத்தம் எனக்கு உறுத்தியது. "அக்கா, தட்டத்தை வெக்காதீங்க, மடியிலயே இருக்கட்டும்" என்றேன். அக்கா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு "ஆகட்டுங் கண்ணு" என்றார்.

அதோடு எல்லாம் கெட்டது. இரண்டாவது டேக்கில் அக்கா சொல்லி முடித்தும் அண்ணன் இழையை முடிந்துகொண்டே இருந்தார். மூன்றாவதில் அக்கா வாயைத் திறக்கும் முன்பே "எப்ப வருவே?" என்றார். நாலாவதில் அக்கா காலால் தரையைத் தட்டினார், அதையும் கண்டித்தேன். ஐந்து, ஆறு, ஏழு. "அண்ணா, அக்கா சொல்லி முடிச்சு, ஒரு மூச்சு விட்டு, அப்பறம் கேளுங்க" என்று நானே எதிரில் போய் நின்று விளக்கினேன். "சரிங்க" என்றார். மறுபடி தப்பு. பதினோராவது டேக் போனபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இயக்குநர் அருகில் போய், அண்ணன் எங்களிடமிருந்து நாலு எட்டுத் தள்ளித் தறியோரம் நிற்கிறாரே என்று குரலை மட்டும் தழைத்துக்கொண்டு, "இவரை வெச்சு இன்னிக்குள்ள ஆகாதுங்க. நடிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூட்டியாந்திருக்கோணும்" என்றேன். இயக்குநரின் தோளுக்கு அந்தப் பக்கம் அண்ணன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான சிரிப்பு. பிறகு குனிந்து இழையைத் தேட ஆரம்பித்தார்.

 இயக்குநர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சாப்பிடலாமுங்க" என்றார் கடைசியில். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வாழையிலை போட்டு உட்கார்ந்தோம். இயக்குநர் உட்காரவில்லை, மோர்ச் சொம்பை வாங்கித் தானே பரிமாறினார். அண்ணனுக்குப் பின்புறமாக வந்து நின்று, "அண்ணா, மோர் வேணுங்களா?" என்றார். அண்ணன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இயக்குநர் சுற்றி வந்து எதிரில் குனிந்து அதையே கேட்டார். "கொஞ்சம் ஊத்துங்க அம்மணி" என்றார் அண்ணன். எதிரில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவுக்காரன்! கண்ணெதிரே நடந்தும் ஒன்றும் புரியவில்லை. என் கவலையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிற கடிகாரத்தின் மேல் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் இயக்குநர் எங்களை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாலு மணி வரைக்கும் காத்திருக்கலாமுங்க. கரண்ட் வந்ததும், தறி ஓடறப்பவே எடுத்துக்கலாம். அக்கா வாசல்ல உக்கார வேண்டாம். அவங்க தறிகிட்ட அவங்க, இவரு தறிகிட்ட இவரு."

நான் வெடித்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு மாசமாக இந்த அமைதிக்காகத்தானே தவம் கிடந்தோம், கையில் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அதை வீசிவிட்டு இரைச்சலில் எடுப்பதென்றால் நான் எதற்கு, ஒரு வார்த்தை பதிவாகாது என்றேன். "டைரக்டரம்மா, இது உங்க படம், நீங்க கொல்லலாம். ஆனா என் கையால முடியாது" என்றுகூடச் சொன்னதாக நினைவு. ஒளிப்பதிவாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். அந்த முதுகு காட்டும் காட்சியை அவர் எத்தனை ஆசையாக எழுதினார் என்று எனக்குத் தெரியும். கணக்கு நோட்டில் அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம், வாசற்படி, முதுகு, பின்னால் மங்கலாகத் தெரிகிற தறி என்று படமே வரைந்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அவங்க ரெண்டு பேரும் தெனமும் எப்படிப் பேசிக்கறாங்களோ அப்படியே பேசட்டுமுங்க. நீங்க தறிச்சத்தத்தை மட்டும் நல்லா எடுத்துக் குடுங்க" என்றார். காரணம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். தன் பக்கம் நியாயம் இருந்தும் அதைக் காட்டாமல் என் வசவைச் சும்மா வாங்கிக்கொண்டார். எனக்கு இது பிற்பாடுதான் உறைத்தது.

மூன்று மணி நேரம் அந்த அருமையான அமைதியில் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது வயிற்றெரிச்சல். இயக்குநர் மட்டும் குடோனுக்குள் தறிகளுக்கு நடுவே நடந்து நடந்து பார்த்தார். அக்கா நிற்கிற இடத்தில் நின்று அண்ணன் இருக்கிற இடத்தைப் பார்த்தார், பிறகு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மேற்கு ஜன்னல் வெயில் யார் முகத்தில் எப்போது விழும் என்று ஒளிப்பதிவாளரோடு சேர்ந்து கணக்குப் போட்டார்.

நாலு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தெருவில் "ஓ" என்று ஒரு கூச்சல். காவலுக்கு நின்ற ஜனமெல்லாம் காவலை விட்டுவிட்டு அவரவர் குடோனுக்கு ஓடினார்கள். ஜெனரேட்டர்க்காரர்தான் முதலில் ஓடியது. அண்ணன் சுவிட்சைப் போட்டுத் தறிகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாய ஆரம்பித்தது. என் மீட்டரில் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஹெட்போனில் ஒரே இடி. கேமரா ஓடத் தொடங்கியது, இயக்குநர் கையை அசைத்தார்.

அக்கா தறியிலிருந்து நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அவ்வளவுதான், அண்ணன் கை உடனே நின்றது, அவரும் பார்த்தார். நடுவில் இரண்டு தறி ஓடுகிறது. அக்கா உதட்டைப் பிரித்துப் பிரித்து, ஒரு கையால் கோயமுத்தூர்ப் பக்கம் காட்டி, தான் போகப்போவதைச் சொன்னார். காலையெல்லாம் மரம் மாதிரி நின்ற அந்த மனுஷனின் முகம், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு விதமாக மாறியது. கடைசிச் சொல்லுக்கு முன்பே விஷயம் புரிந்துபோய், அதைக் கேட்க விரும்பாமல் கண்ணைத் தாழ்த்தி, பிறகு தாழ்த்தினால் அவள் சொல்வது போய்விடுமே என்று திரும்ப நிமிர்த்தினார். எப்ப வருவே என்று அவர் உதடு கேட்டது. அக்கா இல்லையென்று தலையை மெல்ல ஆட்டினார். வரமாட்டேன் என்று சொல்லக்கூட இல்லை. அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கை தானாகப் போய்த் தன் இரண்டு தறியையும் நிறுத்தியது. அக்காவின் தறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே டேக்.

நான் எப்போது ஹெட்போனைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. அண்ணனுக்குக் காது கேட்காது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொஞ்சநஞ்சம் மந்தம் இல்லை, அநேகமாக முழுசாகவே போய்விட்டிருந்தது. தறிச்சத்தத்தில் உதட்டைப் பார்த்துப் பேசுகிற ஊரில், எல்லாவற்றுக்கும் மரியாதையாகச் "சரிங்க" என்று சொல்கிற ஊரில், அது ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கிறது. அக்காவுக்குத் தெரியும். தட்டத்தை வைத்தும் காலால் தட்டியும் தரை அதிர்வில் புருஷனுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார், நான்தான் அதைத் தட்டிப் பறித்தேன். கூடவே இன்னொன்றும் சுரீரென்று உறைத்தது. ஆகாது என்று காலையில் நான் சொன்னபோது குரலைத்தான் தழைத்தேன். முகம் அவரைப் பார்த்துத்தான் இருந்தது. ஒரு சொல் விடாமல் படித்திருப்பார்.

சாமான்களைக் கட்டும் முன் வேப்பமரத்தடியில் அந்த ஷாட்டைச் சின்னத் திரையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார் இயக்குநர். அக்கா தன்னைப் பார்த்துத் தானே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இயக்குநரின் கையைப் பிடித்து, "கண்ணு, உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தார். "வெளிச்சம் அந்த ஜன்னல்ல நல்லா இருந்துச்சுங்கக்கா, அதான் மாத்துனேன்" என்றார் இயக்குநர், ஒன்றுமே தெரியாதவர் மாதிரி. இத்தனை அழகாக ஒருவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. 

அண்ணன் இன்னொரு தரம் போடச் சொன்னார். குனிந்து, தன் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முடிந்ததும் நிமிர்ந்து, "ஏனுங்க அம்மணி, இதுக்குக் கீழ எழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

இயக்குநர் அவருக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டு சொன்னார்: "வேண்டாமுங்கண்ணா. மொகத்துலயே எல்லாம் இருக்குதே."

அண்ணன் தலையாட்டவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவர் "சரிங்க" என்று சொல்லவும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அதே சிரிப்பு. பிறகு எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அப்படியில்லீங்க, போட்டுருங்க. எனக்கு வேண்டாம், நான் பாத்தாலே தெரியும். இந்தத் தம்பி மாதிரி காது நல்லா இருக்கறவங்க பாவம், அவங்களுக்குப் புரியோணுமில்லீங்க."